வைடு லென்ஸுக்கு வெளி வியூஃபைண்டர்: தேர்ந்தெடுப்பது முதல் பழகுவது வரை

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் 21 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு, கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்துப் பாருங்கள். பல கேமராக்களில் 28 மி.மீ. லென்ஸின் எல்லையைக் காட்டும் கோடு வரைதான் அதில் தெரியும். அந்தக் கோட்டுக்குள் இருப்பது, லென்ஸ் உண்மையில் பதிவு செய்யப்போகும் பரப்பில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எஸ்.எல்.ஆர். கேமராவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். இங்கே ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஜன்னலுக்குள் அடங்காத லென்ஸுக்குத் தனியாக ஒரு ஜன்னல் வேண்டும். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் பள்ளமான ஹாட் ஷூவில் செருகும் வெளி வியூஃபைண்டர் அதற்குத்தான்.

இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸில் உள்ள எண்ணையே தேடுகிறார்கள். 21-க்கு 21, 15-க்கு 15, வேலை முடிந்தது என்று நினைப்பு. எண் பொருந்த வேண்டும்தான். ஆனால் வாங்கிய ஃபைண்டர் ஆறு மாதம் கழித்தும் பையில் இருக்குமா, மேசை இழுப்பறைக்குப் போய்விடுமா என்பதை முடிவு செய்வது எண் இல்லை, உங்கள் கண். அதனால் இந்த வழிகாட்டியில் கண்ணுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு இது தேவையா?

கேமராவின் சொந்த ஜன்னல் எதுவரை காட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லைக்காவின் எம் வரிசையை எடுத்துக்கொண்டால், 1954-ல் வந்த எம்3-ல் 50, 90, 135 கோடுகள் மட்டுமே உண்டு. அதில் 35 மி.மீ. லென்ஸே வைடுதான். ஜன்னலுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போல ஒரு துணைக்கருவி ஒட்டிய 35 லென்ஸை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெளி ஃபைண்டர். எம்2-ல் 35 வந்தது. 28-க்கான கோடு 1980-ல் எம்4-பி-யில்தான் வந்தது. எம்6-லும் 28 உண்டு, ஆனால் 0.85 உருப்பெருக்கம் கொண்ட, அதாவது காட்சியை 0.85 மடங்கு அளவில் காட்டும் ஜன்னலுள்ள எம்6-ல் கிடையாது. பழைய திருகு மவுண்ட் லைக்காக்களில் பெரும்பாலானவற்றில் 50-க்கான ஜன்னல் மட்டும்தான். மறுபக்கம், ஃபோக்ட்லாண்டர் பெயரில் கோசினா செய்த பெஸ்ஸா ஆர்4 கேமராக்களில் 21 வரை உள்ளேயே கோடு இருக்கிறது. அந்தக் கேமராவும் 21 லென்ஸும் உங்களிடம் இருந்தால் இதற்குமேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு குறுக்குவழியும் உண்டு. 0.72 உருப்பெருக்கம் கொண்ட லைக்கா ஜன்னலில் கோடுகளை மறந்துவிட்டு, ஓரம் முதல் ஓரம் வரை தெரியும் முழுப் பரப்பையும் பார்த்தால் அது சுமார் 24, 25 மி.மீ. லென்ஸின் பார்வைக்கு அருகில் வரும். எப்போதாவது 25 மாட்டுகிறவர்களுக்கு இதுவே போதும். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த ஓரம் தெரியாது. அவர்களுக்கு 28 கோடே பல நேரங்களில் கண்ணுக்குச் சிக்காது. அதனால் கேமராவில் 28 கோடு இருந்தும் கண்ணாடிக்காரர்கள் வெளி 28 ஃபைண்டர் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கேமராவில் ஷூ இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். 1961-ல் வந்த கேனன் 7-ல் ஷூவே கிடையாது, அதற்கென்று ஒரு தனி இணைப்பை மாட்ட வேண்டும். பின்னால் வந்த 7எஸ்-ல்தான் ஷூ வைத்தார்கள்.

லைவ் வியூ உள்ள டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் எலெக்ட்ரானிக் ஃபைண்டர் இன்னொரு வழி. லென்ஸ் என்ன பார்க்கிறதோ அதையே காட்டும், பிழைக்கு இடமில்லை. கட்டடங்களை அளந்து படமெடுக்கிறவர்களுக்கு அதையே சொல்வேன். தெருவில் நடந்தபடி எடுக்கிறவர்களுக்குக் கண்ணாடி ஜன்னல்தான் சுகம். திரையை உயிர்ப்பிக்கக் காத்திருக்க வேண்டாம், பேட்டரியும் தீராது.

இரண்டாம் படி: வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளி ஃபைண்டர்களில் மிக எளியது, தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது போன்றது. முன்னால் ஒரு குழி லென்ஸ், பின்னால் ஒரு குவி லென்ஸ். உலகம் சின்னதாகத் தெரியும், அதனால் பரந்த காட்சி ஒரு சிறு ஜன்னலுக்குள் அடங்கும். இதில் கோடுகள் இருக்காது, ஜன்னலின் ஓரமே எல்லை. கண்ணைக் கொஞ்சம் இடம் மாற்றினால் அந்த எல்லையும் மாறும், அதனால் துல்லியம் குறைவு. விலை குறைவு, எடை குறைவு என்பது இதன் பக்கம்.

அடுத்தது ஆல்படா வகை, நெதர்லாந்துக்காரரான வான் ஆல்படாவின் பெயரில் அழைக்கப்படுவது. கண் வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரைந்திருக்கும். முன் லென்ஸின் உட்புறத்தில் பாதி ஒளியைத் திருப்பும் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். சட்டத்தின் பிம்பம் அந்தப் பூச்சில் பட்டுத் திரும்பி, தூரத்தில் மிதக்கும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கண்ணை ஆட்டினாலும் கோடு காட்சியோடு ஒட்டியே நிற்கும். இதன் பலவீனம் அந்தப் பூச்சுதான். வயதானால் மங்கும், பூச்சு மங்கினால் கோடும் மங்கும்.

இப்போதைய நல்ல ஃபைண்டர்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இப்படி மிதக்கும் வெளிச்சக் கோடு கொண்டவைதான். கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் காட்சி தெரியும் என்பதால், சட்டத்துக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் பிடித்துப்போனவர்களுக்கு அந்த ருசி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பல லென்ஸுக்கு ஒரே ஃபைண்டர் என்ற வகையும் உண்டு. சோவியத் யூனியனில் செய்த சுழலும் தலை ஃபைண்டரில் 28, 35, 50, 85, 135 என ஐந்து குட்டி லென்ஸ்கள் இருக்கும், வேண்டியதைத் திருப்பிக்கொள்ளலாம். 28-க்குக் கீழே அது உதவாது. லைக்காவின் யுனிவர்சல் வைடு ஃபைண்டர் 16, 18, 21, 24, 28 என ஐந்தையும் காட்டும், தூரத்துக்கு ஏற்பத் திருத்தும் சக்கரமும் ரசமட்டமும் அதிலேயே உண்டு. 2006-ல் 16-18-21 டிரை-எல்மார் லென்ஸோடு வந்தது. அதன் உருவத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘ஃபிராங்கன்ஃபைண்டர்’ என்று கேலி செய்கிறார்கள். கேமரா தலையில் ஒரு குட்டிப் பெட்டி உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். மூன்று வைடு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது சரி. ஒரே ஒரு வைடு வைத்திருப்பவர் ஒற்றை ஃபைண்டரே வாங்கட்டும். திருப்ப வேண்டிய ஒன்றைத் திருப்ப மறந்து எடுத்த படங்கள் எல்லோரிடமும் இருக்கும்.

மூன்றாம் படி: கண்ணை வைத்துப் பாருங்கள்

இது எழுத்தில் படித்து முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் கடன் வாங்குங்கள். பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் மூக்குக்கண்ணாடி. பெரும்பாலான வெளி ஃபைண்டர்களில் கண் பவருக்கு ஏற்பத் திருத்தும் வசதி இல்லை, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டால் கண் அரை அங்குலமாவது பின்னுக்குப் போகும். அந்த இடத்திலிருந்து நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிகிறதா? தலையை இடமும் வலமும் சாய்த்தால்தான் மூலை தெரிகிறது என்றால் அந்த ஃபைண்டர் உங்களுக்கானது இல்லை, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும். பின் விளிம்பு வெறும் உலோகமா, ரப்பர் வளையமா என்றும் தொட்டுப் பாருங்கள். உலோகம் மூக்குக்கண்ணாடியைக் கீறும். நான் ஒரு நல்ல கண்ணாடியை அப்படித்தான் கெடுத்தேன். அப்புறம் ஒரு துண்டு மெல்லிய ரப்பரை வெட்டி ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. வாங்கிய அன்றே செய்திருக்கலாம்.

இரண்டாவது வளைவு. வைடு ஃபைண்டர்கள் பலவற்றில் ஓரத்தில் இருக்கும் நேர்க்கோடுகள் பீப்பாய் போல வெளியே வளையும். படத்தில் அப்படி வராது, லென்ஸ் நேராகத்தான் பதியும். பிழை ஃபைண்டரில் மட்டும். ஆனால் ஒரு கட்டடத்தின் மூலையைச் சட்டத்தின் ஓரத்தோடு ஒட்டி நிறுத்த நினைக்கும்போது, வளைந்த கோட்டை வைத்து எதையும் நேராக நிறுத்த முடியாது. கதவு நிலை ஒன்றைச் சட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஸைஸின் இசட்எம் வரிசை ஃபைண்டர்கள் இதில் நல்ல பெயர் எடுத்தவை, என் கண்ணுக்கும் அவைதான் தெளிவு. கொஞ்சம் பருமன், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர்களையும் தெருவையும் மட்டும் எடுக்கிறவருக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை. சின்ன, லேசான, கொஞ்சம் வளைந்த ஃபைண்டர்தான் அவருக்கு வசதி.

மூன்றாவது கோடு. வெயிலில் எல்லாக் கோடும் பளிச்சென்று தெரியும். நிழலுக்குள் போய், வெளிச்சமான வானத்தை நோக்கியும் இருட்டான சுவரை நோக்கியும் பாருங்கள். கோடு எங்கே காணாமல் போகிறது என்று பார்த்தால் ஃபைண்டரின் தரம் தெரியும்.

நான்காவது, பலரும் மறப்பது: ஃபைண்டரைச் செருகியபின் ஷட்டர் வேகச் சக்கரத்தைத் திருப்ப விரல் நுழைகிறதா? அகலமான ஃபைண்டர் ஷூவுக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தை மறைத்துவிடும் கேமராக்கள் உண்டு.

நான்காம் படி: எண் கணக்கு

35 மி.மீ. ஃபிலிமில், மூலைக்கு மூலை பார்த்தால், 28 லென்ஸ் சுமார் 75 பாகை, 25 லென்ஸ் 82, 21 லென்ஸ் 92, 15 லென்ஸ் 110, 12 லென்ஸ் 122 பாகை காணும். வைடு ஆக ஆக ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெரிய வித்தியாசம். 50-க்கும் 52-க்கும் வேறுபாடு தெரியாது, 15-க்கும் 17-க்கும் நன்றாகவே தெரியும்.

சரியான எண் கிடைக்காவிட்டால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைண்டர் லென்ஸைவிடக் குறைவாகக் காட்டலாம், அதிகமாகக் காட்டக் கூடாது. 20 லென்ஸுக்கு 21 ஃபைண்டர், 24 லென்ஸுக்கு 25 ஃபைண்டர் என்றால் கவலை இல்லை. படத்தில் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக வரும், வெட்டிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் நீங்கள் சட்டத்துக்குள் பார்த்த ஆள் படத்தில் இருக்க மாட்டார்.

சிறிய சென்சார் உள்ள டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில் கணக்கு மாறும். லைக்கா எம்8-ன் பெருக்கல் எண் 1.33, எப்சன் ஆர்டி1-ன் எண் 1.5. எம்8-ல் 21 லென்ஸ் 28 போலப் பார்க்கும், எனவே 28 ஃபைண்டர். அதில் 15 லென்ஸ் 20 ஆகும், 21 ஃபைண்டர் போதும். காம்பாக்ட் டிஜிட்டல் கேமராக்களுக்காகச் செய்த சிறு ஃபைண்டர்களும் ஷூவில் உட்காரும், நன்றாகவும் இருக்கும். ஆனால் அவற்றில் சட்டம் 4:3 வடிவத்தில் இருக்கக்கூடும். உங்களுக்கு வேண்டியது 3:2. வாங்கும் முன் உள்ளே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பாரலாக்ஸ் எவ்வளவு பயப்பட வேண்டியது?

பள்ளிப் பாடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதுதான். ஃபைண்டர் லென்ஸுக்கு நேர் மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண் ஓரிடத்திலிருந்தும் லென்ஸ் வேறோரிடத்திலிருந்தும் பார்க்கின்றன. கேட்டால் பெரிய பிழை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் 21 லென்ஸ் மேலிருந்து கீழ்வரை சுமார் 114 செ.மீ. உயரத்தைப் பார்க்கிறது. 6 செ.மீ. நகர்வு அதில் 5 சதவீதம்தான். அதே ஒரு மீட்டரில் 90 மி.மீ. லென்ஸ் பார்ப்பது வெறும் 27 செ.மீ. அங்கே அதே 6 செ.மீ. கிட்டத்தட்ட 22 சதவீதம். ஆக வைடு லென்ஸில் இந்தப் பிழை சின்னது. அரை மீட்டருக்குள் போனால்தான் 10 சதவீதம் ஆகும், அப்போது கவனம் வேண்டும்.

ஃபைண்டர் மேலே இருப்பதால் கிட்டத்தில் எடுக்கும்போது வெட்டுப்படுவது மேல் பகுதி. ஆளின் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். சில ஃபைண்டர்களில் மேல் கோட்டுக்குக் கீழே சிறு புள்ளிகளோ இரண்டாவது கோடோ இருக்கும். கிட்டத்துக்கான மேல் எல்லை அதுதான்.

ஆனால் எந்தக் கோடும் திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. வைடு லென்ஸின் அழகே முன்னால் ஒரு பொருளைப் பெரிதாக வைத்து, பின்னால் பரந்த வெளியைக் காட்டுவது. அந்த முன்பொருள் பின்புலத்தில் எதை மறைக்கிறது என்பது பார்க்கும் புள்ளியைப் பொறுத்தது. 6 செ.மீ. மேலிருந்து பார்த்தால் படித்துறை விளிம்புக்கு மேலே தெரியும் தண்ணீர், லென்ஸின் உயரத்திலிருந்து பார்த்தால் மறைந்துவிடலாம். இதற்கு நான் செய்வது: ஃபைண்டரில் அமைப்பைப் பார்த்து முடித்தபின், கேமராவை அப்படியே ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே தூக்கி ஷட்டரை அழுத்துவேன். இப்போது லென்ஸ் என் கண் இருந்த இடத்தில் இருக்கிறது. ட்ரைபாடில் எடுத்தால் நடுத்தூணை அதே அளவு உயர்த்தினால் போதும்.

ஆறாம் படி: பழையதை வாங்கும்போது

நல்ல ஃபைண்டர்கள் பல இப்போது பழைய சந்தையில்தான் கிடைக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் போன்ற பூஞ்சை, பால் போன்ற மங்கல், ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்து வானவில் நிறம் காட்டுவது, இவை மூன்றும் இருக்கக் கூடாத குறைகள். வெளியே ஒரு சிறு கீறல் இருந்தால் பரவாயில்லை, பார்க்கும்போது அது தெரியாது. கோடு நான்கு பக்கமும் முழுதாக இருக்கிறதா, ஒரு மூலை மட்டும் அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உடல் என்றால் ஷூவில் நுழையும் பாதம் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம். முதலில் உடைவது அங்கேதான்.

பழைய லைக்கா ஃபைண்டர்களுக்கு ஐந்தெழுத்துக் குறிப்பெயர் உண்டு: 35-க்கு எஸ்பிஎல்ஓஓ, 50-க்கு எஸ்பிஓஓஐ, இப்படி. விற்பவர் எண்ணைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் குழம்ப வேண்டாம். இவை விலை ஏறிப்போனவை. சேகரிப்பவர்களும் இதே பொருளைத் துரத்துவதுதான் காரணம். படமெடுக்க மட்டும் வேண்டும் என்றால் ஃபோக்ட்லாண்டர் ஃபைண்டர் அதே வேலையைச் செய்யும்.

ஏழாம் படி: வீட்டில் சோதனை

எந்த ஃபைண்டரையும் முழுதாக நம்பாதீர்கள், அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். ஓடு பதித்த சுவர் அல்லது செங்கல் சுவர் முன்னால் கேமராவை ட்ரைபாடில் நிறுத்துங்கள். ஃபைண்டரில் கோட்டின் நான்கு மூலைகளும் எந்தச் செங்கலில் விழுகின்றன என்று பார்த்து, அங்கே சிறு டேப் ஒட்டுங்கள். ஒரு படம் எடுங்கள். டேப்புக்கு வெளியே எத்தனை செங்கல் வந்திருக்கிறது என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும். ஒரு மீட்டரில் ஒருமுறை, மூன்று மீட்டரில் ஒருமுறை செய்தால் போதும். ஃபிலிம் வீணாக வேண்டாம் என்றால், பின்கதவு திறக்கும் கேமராவில் ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேஸிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து பிடித்து, விழும் பிம்பத்தை நேராகவே பார்க்கலாம்.

பெரும்பாலும் படம் கோட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பாதம் ஷூவில் நேராக உட்காரவில்லை என்று பொருள்.

எட்டாம் படி: கைப்பழக்கம்

இரண்டு ஜன்னல் என்பது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒன்றில் ஃபோகஸ், இன்னொன்றில் அமைப்பு. அதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். வைடு லென்ஸில் இதைச் சுலபமாகத் தாண்டலாம், ஃபோகஸ் பார்ப்பதையே விட்டுவிடுவதுதான் வழி. 21 லென்ஸின் அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/8-ல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தினால், ஏறத்தாழ 0.9 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவாக இருக்கும். 15 லென்ஸில் எஃப்/8-ல் ஒரு மீட்டரில் நிறுத்தினால் அரை மீட்டரிலிருந்தே தெளிவு. ஃபோக்ட்லாண்டரின் முதல் 15 மி.மீ. ஹீலியார் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைக்கப்படவே இல்லை. 1999-ல் அது வந்தபோது கூடவே வந்த பெஸ்ஸா எல் கேமராவில் ஜன்னலே கிடையாது, வெளி ஃபைண்டர் மட்டும்தான். பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் அபர்ச்சரை எஃப்/8-லிருந்து இன்னும் ஒரு படி மூடிக்கொள்ளுங்கள்.

21-க்குக் கீழே போனால் கேமராவைச் சமமாகப் பிடிப்பதுதான் பெரிய வேலை. கொஞ்சம் மேலே சாய்த்தாலும் கட்டடம் பின்னால் விழுவது போல வரும். ரசமட்டம் உள்ள ஃபைண்டர் இங்கே கைகொடுக்கும். தனி ரசமட்டத்தை ஷூவில் வைத்தால் ஃபைண்டருக்கு இடம் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இரட்டை ஷூ இணைப்பு கிடைக்கிறது. ஆனால் அதில் வைத்தால் ஃபைண்டர் லென்ஸுக்கு நேர் மேலே இராமல் பக்கவாட்டில் நகரும், பாரலாக்ஸ் இரண்டு திசையிலும் வரும்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானது ஆகாது. ஃபைண்டரில் உலகம் அழகாகத் தெரியும், லென்ஸோ இருட்டில் இருக்கும். ஒரு முழுச் சுருளில் பாதியை அப்படி எடுத்திருக்கிறேன். படப்பிடிப்பு தொடங்கியதும் மூடியைச் சட்டைப் பைக்கு மாற்றி, ஃபில்டர் ஒன்றை மட்டும் லென்ஸில் விட்டுவிடுவது இப்போதைய வழக்கம். லென்ஸ் முன்னால் வந்து நிற்கும் விரலும் ஃபைண்டரில் தெரியாது. வைடு லென்ஸில் அது கட்டாயம் படத்தில் வரும்.

கடைசியாக, ஃபைண்டர் விழும். ஷூவில் அதைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டும்தான், கேமராவைப் பையிலிருந்து உருவும்போது அது பையிலேயே தங்கிவிடும் அல்லது தரையில் உருளும். பாதத்தின் அடியில் ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டினால் இறுக்கமாக உட்காரும், மேல் தகட்டில் கீறலும் விழாது. பையில் வைக்கும்போது கழற்றித் தனி உறையில் போட்டுவிடுங்கள். ஷூவிலேயே விட்டு வைத்தால் பக்கவாட்டில் விழும் ஒரு அடியில் பாதம் வளையும், அப்புறம் சட்டம் சாய்வாகவே நிற்கும்.